வாளி நிறைய நுரை, பூஞ்சை மட்டும் எங்கே?

நான்கு காய்கறிப் பாத்தியும் மூன்று பழமரமும் வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. 20 லிட்டர் வாளியில் கம்போஸ்ட் டீ போட்டிருக்கிறார், அதாவது மட்கிய உரத்தை நீரில் ஊறவைத்துக் காற்று ஊதி எடுக்கும் சாறு. இதைக் ‘காய்ச்சுவது’ என்பார்கள், அடுப்பில் ஏற்றுவதில்லை. 2 கிலோ மண்புழு உரத்தைப் பருத்தித் துணியில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டு, 200 மில்லி மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) ஊற்றி, மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய ஏர் பம்ப்பில் இரண்டு காற்றுக்கல் மாட்டி, மூன்று நாள் ஓடவிட்டிருக்கிறார். முதல் நாளே விளிம்பு வரை நுரை. “நுண்ணுயிர் நன்றாகப் பெருகுகிறது என்று சந்தோஷப்பட்டேன்” என்கிறார். மூன்றாம் நாள் புளித்த வாடை, அடியில் லேசான அழுகல் வாடை. வீணாக்க மனமில்லாமல் தக்காளிச் செடியிலும் லெட்டூஸ் இலையிலும் தெளித்துவிட்டு, மீதியை மூடிபோட்ட பாட்டில்களில் ஊற்றி வைத்திருக்கிறார். பத்தாம் நாள் தக்காளியின் அடியிலைகளில் பழுப்புப் புள்ளி.

அவர் கேட்பது இவ்வளவு: பூஞ்சை நிறைய வேண்டுமானால் மொலாசஸைக் கூட்டுவதா, நாளைக் கூட்டுவதா? உரக் குவியலுக்குள் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருப்பது செடி வேரோடு கூட்டு வைக்கும் பூஞ்சையான மைக்கோரைசாதானே? கடையில் கிடைக்கும் மைக்கோரைசாப் பொடியை வாளியில் போட்டுப் பெருக்க முடியுமா? டீ சரியாக வந்துவிட்டால் உரம் போடுவதை நிறுத்திவிடலாமா? பாட்டிலில் இருப்பது எத்தனை நாள் தாங்கும்?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அந்த லெட்டூஸ். அதைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். தெளித்தபோது இருந்த இலைகளைப் பறித்து உரக் குவியலில் போட்டுவிடுங்கள். நன்றாகக் கழுவினால் போதாதா என்று தோன்றும். இலை மடிப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா கழுவுவதால் முழுதாகப் போகாது. மண்புழு உரம் சூடேறி மட்கியது அல்ல. குவியல் குறைந்தது மூன்று நாளாவது 55 டிகிரி செல்சியஸ் தாண்டியிருந்தால்தான் சாணத்தில் வரும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் ஒடுங்கும். ஒடுங்காமல் சில மிஞ்சியிருந்தாலும், சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் அவை பல மடங்காகப் பெருகிவிடும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, பச்சைச் சாணம் இட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாளும் மண்ணைத் தொடாததை 90 நாளும் கழித்தே அறுக்க வேண்டும். 2004-ல் அங்கே கம்போஸ்ட் டீயை ஆராய்ந்த பணிக்குழு, ஊட்டம் சேர்த்துக் காய்ச்சி, பரிசோதிக்காமல் விடும் டீக்கும் இதே இடைவெளியைப் பரிந்துரைத்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அந்த விதி கட்டாயமில்லைதான். ஆனாலும் பச்சையாகத் தின்னும் இலையில் டீ தெளிப்பதே வேண்டாம் என்பது என் கருத்து.

நுரை சொன்ன கதை

நுரை நுண்ணுயிர் பெருகியதற்கு அத்தாட்சி அல்ல. புரதமும், உரத்திலிருந்து கரைந்து வரும் வழவழப்புப் பொருள்களும் காற்றோடு சேர்ந்தால் நுரைக்கும். செத்த நீரிலும் நுரை வரும்.

உங்கள் வாளியில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி மொலாசஸில் ஏறக்குறைய 130 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிராம் சர்க்கரையை முழுதாக எரிக்க ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் தேவை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். அப்படியானால் வாளி முழுவதும் இருப்பது 0.17 கிராம். தேவையோ நூறு கிராமுக்கு மேல். சர்க்கரையில் பாதி பாக்டீரியாவின் உடம்பாகவே மாறிவிடும் என்று தள்ளுபடி செய்தாலும் கணக்கு ஒட்டாது. பம்ப் தொடர்ந்து காற்றை ஊதுகிறதே என்றால், ஒரு முழ ஆழ வாளியில் குமிழி மேலே வந்து உடைவதற்குள் அதிலுள்ள ஆக்சிஜனில் மிகச் சிறு பங்குதான் கரைகிறது. பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிக்கும். இரவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். பிறகு வேலைக்கு வருபவை காற்றில்லாமல் வாழும் கூட்டம். புளிப்பு வாடை அவை விடும் அமிலம், அழுகல் வாடை கந்தகம் சேர்ந்த வாயு. பூஞ்சை இழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காற்று வேண்டும். அவை அந்த நீரில் தாக்குப்பிடிக்காது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: மொலாசஸையும் கூட்டக் கூடாது, நாளையும் கூட்டக் கூடாது. பூஞ்சைக்காக என்றால் மொலாசஸே வேண்டாம்.

பூஞ்சை வளரும் இடம் வாளி அல்ல

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள், புத்தகம் படித்துச் செய்பவர்களும் சேர்த்து. 24 மணி நேரத்தில் நீருக்குள் பெருகுவது பாக்டீரியா. பூஞ்சை வித்து முளைத்து இழை விடவே பல மணி நேரம் ஆகும். விட்ட இழையையும் குமிழிகள் புரட்டிப் போட்டுக் கிழிக்கும். டீயில் நீங்கள் காணும் இழைகளில் பெரும்பகுதி உரத்தில் ஏற்கெனவே வளர்ந்திருந்து, நீரில் பிரிந்து வந்தவை. உரத்தில் இல்லாத பூஞ்சை டீயில் வராது.

மண்புழு உரம் நல்ல உரம், ஆனால் பொதுவாகப் பாக்டீரியா மிகுந்தது. பூஞ்சைக்கு வேண்டியது காய்ந்த இலை, மரத்தூள், சிறு குச்சி, மரச்சீவல் இவை மிகுந்து, மாதக்கணக்கில் கிளறாமல் கிடந்த உரம். ஒவ்வொரு முறை கிளறும்போதும் பூஞ்சையின் இழை வலை அறுகிறது. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சனும் அவர் மனைவி ஹுய்-சுன் சூவும் வடிவமைத்த உரத்தொட்டியின் சூட்சுமம் இதுதான். குவியலுக்குள் செங்குத்தாகக் குழாய்களை நட்டு நிரப்பி, ஓரிரு நாளில் குழாயை உருவிவிட்டால் காற்றுப் போக வழி தங்கிவிடும். பிறகு சூடு தணிந்ததும் புழுவை விட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு ஓராண்டு தொடாமல் விடுகிறார்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய தொட்டி தேவையில்லை. பழமரத்தடியில் ஒரு மூலையில் இலைச்சருகையும் மரச்சீவலையும் குவித்து, ஈரமாக வைத்து, கிளறும் ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டால் போதும்.

சாம்பல் பூத்தாற்போல் இருந்தது மைக்கோரைசா அல்ல. அநேகமாகப் பூஞ்சையும் அல்ல. குவியல் சூடாக இருந்த பகுதியில் வெண்சாம்பல் பொடிபோல் படிவது ஆக்டினோமைசீட்ஸ் என்ற இழை வடிவப் பாக்டீரியா. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனை இந்தக் குடும்பத்தார் செய்யும் பொருளால் வருவதுதான். கெட்டதல்ல, நீங்கள் தேடுவது அதில்லை என்பதே விஷயம். ஒரு கட்டியை விரலால் மெல்லப் பிட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டினால் ஆக்டினோ. பஞ்சு நூல்போல இழுபட்டு, இரண்டு துண்டுக்கும் நடுவே தொங்கினால் பூஞ்சை. 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் கையில் இருந்தால் சந்தேகமே வராது: ஆக்டினோ இழை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெல்லியது, பூஞ்சை இழை பொதுவாக 2 முதல் 10 மைக்ரான் தடிமன். இழை நெடுகக் குறுக்குச் சுவரும், சிலவற்றில் தேன் நிறமும் தெரியும்.

உரத்தை முன்கூட்டியே விளைய வைத்தல்

டீ போடுவதற்கு நான்கைந்து நாள் முன்பே வேலை ஆரம்பிக்கிறது. நன்கு மட்கிய, மண்வாசனை வீசும் உரம் 1 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ் மாவு அல்லது கோதுமைத் தவிடு 50 கிராம். திரவ ஹியூமிக் அமிலம் இருந்தால் 10 மில்லியைச் சிறிது நீரில் கரைத்துத் தெளித்துப் பிசறுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும், ஒழுகக் கூடாது. அகலத் தட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, 22 முதல் 27 டிகிரிக்குள் இருக்கும் நிழலான இடத்தில் வையுங்கள். அதைவிட உயரமாகக் குவித்தால் உள்ளே சூடேறி இழை கருகும்.

இரண்டாம் நாள் மேலே சிலந்தி வலைபோல் ஆரம்பிக்கும். நான்காம் நாள் தட்டின் ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கினால் உரம் அடைபோல ஒன்றாக எழும்பும். அடிப்பக்கம் வெள்ளை நூல்கள் துகள்களைத் தைத்துவைத்ததுபோல் தெரியும். அதுதான் பதம். பச்சையாகவோ கறுப்பாகவோ மாறத் தொடங்கினால் பூஞ்சை வித்து கட்டும் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் பயன்படும், ஆனால் இழை முதிர்ந்துவிட்டது. அம்மோனியா நெடி வந்தால் புரதம் அதிகம். சோயா மாவு போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இடையில் கிளறவே கூடாது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தட்டில் இப்படி வேகமாகப் பஞ்சு பூப்பவை பெரும்பாலும் மாவைத் தின்று ஓடும் சாதாரணப் பூஞ்சணங்கள். மரத்தைச் சிதைக்கும் நிதானமான பூஞ்சைகள் இந்த வேகத்தில் வராது. அதனால்தான் மூலையில் கிடக்கும் பழைய குவியலுக்கு இவ்வளவு மதிப்பு. அந்த உரத்தில் இயல்பாகவே இழை தெரிந்தால் மாவு ஊட்டமே தேவையில்லை. உலர்ந்த உரத்தையும் பூஞ்சை பூத்த தட்டையும் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது.

20 லிட்டருக்கு என்னென்ன

குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் பம்ப்பை ஓடவிட்டால் போய்விடும். குளோரமைன் (குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது) என்றால் போகாது. அதற்கு வைட்டமின் சி பொடி, 20 லிட்டருக்கு 100 மில்லிகிராம் போதும். மழைநீர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

பூஞ்சை பூத்த உரம் அரைக் கிலோ போதும், 2 கிலோ வேண்டாம். அதிகம் போட்டால் அதுவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஹியூமிக் அமிலம் 20 மில்லி, கடற்பாசிப் பொடி 10 கிராம், மீன் ஹைட்ரோலைசேட் 10 மில்லி. மீன் உரம் வாங்கும்போது சூடாக்காமல் நொதியால் கரைத்து, எண்ணெய் நீக்காத வகையாகப் பாருங்கள். எண்ணெயும் சிக்கலான புரதமும் பூஞ்சைக்குத் தோது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் குடிமுழுகிவிடாது. ஊட்டமே போடாமல் காய்ச்சுவது பூஞ்சைக்கும் பெரிய நஷ்டமில்லை, கிருமி ஆபத்தும் குறைவு.

பருத்தித் துணி மூட்டையைக் கைவிடுங்கள். அதன் கண் மிகச் சிறியது. கறுப்புச் சாயம் வெளியே வரும், இழை உள்ளேயே நிற்கும். 400 மைக்ரான் கண்ணுள்ள நைலான் வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள், அல்லது நேரடியாக நீரில் கொட்டிவிட்டுக் கடைசியில் அதே வலையில் வடிகட்டுங்கள்.

காற்றுதான் உயிர். மீன்தொட்டிச் சிறு பம்ப் நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் தரும். உங்களுக்கு வேண்டியது குறைந்தது 10 லிட்டர். நீரின் மேற்பரப்பு சோறு கொதிப்பதுபோல் புரள வேண்டும். கல்லில் ஒரு வாரத்தில் வழவழப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், கழுவவும் கடினம். 3 மில்லிமீட்டர் துளை போட்ட குழாயை அடியில் வளையமாக வைப்பது நல்லது. பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போன நொடியில் வாளி நீர் குழாய் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

நீர் 20 முதல் 25 டிகிரியில் இருக்கட்டும். 30 டிகிரியில் நீர் பிடிக்கும் ஆக்சிஜன் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது, உயிர்களின் பசியோ கூடுகிறது. ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் 6 மில்லிகிராமுக்குக் கீழே போகவிடாதீர்கள். இல்லாவிட்டால் மூக்குதான் மீட்டர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை முகர்ந்து பாருங்கள். ஈர மண், காட்டுச் சருகு வாசனை சரி. புளிப்பு, முட்டை, வாந்தி, சாராய வாடை எது வந்தாலும் அந்த வாளியைக் காப்பாற்ற முயல வேண்டாம். காற்றைக் கூட்டினால் வாடை அடங்கும், பூஞ்சை திரும்ப வராது.

24 மணி நேரத்தில் நிறுத்துங்கள். குளிரான இடமென்றால் 36. காற்றை நிறுத்திய நான்கு மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுங்கள். வாளி, குழாய், வலை எல்லாவற்றையும் உடனே தேய்த்துக் கழுவி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்துக் காயவிடுங்கள். காய்ந்து ஒட்டிய படலம்தான் அடுத்த வாளியைக் கெடுக்கும்.

காய்ச்சாமலே ஒரு வழி

மரத்துக்கும் பாத்தி மண்ணுக்கும் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பூஞ்சை பூத்த உரம் 1 கிலோவை வலைப்பையில் போட்டு, 10 லிட்டர் நீரில் அமுக்கி, கையுறையோடு இரண்டு நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். நீர் அடர் பழுப்பாகும். அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்குள் ஊற்றிவிடலாம். ஊட்டமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆகவே கிருமி பெருக நேரமும் இல்லை. பாக்டீரியா பெருகி முந்திக்கொள்ளும் அந்த ஒரு நாளை விட்டுவிட்டதால், பூஞ்சையின் பங்கு காய்ச்சிய டீயைவிடக் குறைய வாய்ப்பில்லை. மரத்துக்கு அடிமரத்தில் ஊற்றாமல், கிளை விரிவின் விளிம்புக்குக் கீழே, மூடாக்கை விலக்கி ஊற்றி, மறுபடி மூடுங்கள். 5 முதல் 7 சென்டிமீட்டர் மரச்சீவல் மேலே இருந்தால் வந்த பூஞ்சைக்குச் சாப்பாடும் நிழலும் கிடைக்கும். வெறும் காய்ந்த மண்ணில் ஊற்றினால் அதற்கு எதுவும் இல்லை. சீவலை மண்ணோடு கலக்காதீர்கள், நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஸ்பிரேயரில் ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய துளையும் குறைந்த அழுத்தமும் வேண்டும். நுண்துளியாகச் சீறும் முனையில் இழை நறுங்கிவிடும். பூவாளி இதற்கு எவ்வளவோ மேல்.

தக்காளிப் புள்ளி

புள்ளிக்குள் வட்டவட்டமாக வளையம் தெரிந்தால், சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருந்தால், அது ஆல்டர்நேரியா இலைக்கருகலாக இருக்கக்கூடும். அதுவும் ஒரு பூஞ்சைதான். உங்கள் வாளியிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. இலையை நனைத்தது அதற்கு வசதி செய்திருக்கும். வளையம் இல்லாமல், நீர் தேங்கிய இலை நுனிகளில் மட்டும் கருகியிருந்தால் புளித்த அமிலம் சுட்டது. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: பாதித்த அடியிலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், தண்ணீரை வேரடியில் மட்டும் விடுங்கள், மண் தெறிக்காமல் மூடாக்குப் போடுங்கள். இலைநோயை டீ தடுக்கும் என்ற பேச்சு நிறைய உண்டு. ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. வந்துவிட்ட நோய்க்கு மருந்தாக அதை நம்ப வேண்டாம்.

மைக்கோரைசாப் பொடி

காய்கறிகளோடு கூட்டு வைக்கும் மைக்கோரைசா உயிருள்ள வேர் இல்லாமல் வளரவே வளராது. வாளியில் பெருக்க வழியில்லை, பணம்தான் கரையும். நாற்று நடும் குழியில், வேரில் படும்படி தூவுங்கள். ஊற்றித்தான் தர வேண்டுமென்றால், ஊற்றப்போகும் நேரத்தில் கலக்குங்கள். மண்ணில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் செடி அந்தக் கூட்டுக்கே இடம் கொடுக்காது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, பீட்ரூட், பாலக்கீரை வகைகள் இயல்பிலேயே மைக்கோரைசா சேராத குடும்பங்கள். அந்தப் பாத்திக்குப் பொடி வாங்காதீர்கள். தக்காளிக்கும் மரத்துக்கும் பொருத்தம்.

உரத்தை நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். அரைக் கிலோ உரத்தை 20 லிட்டரில் கரைத்தால் அதில் எவ்வளவு தழைச்சத்தும் மணிச்சத்தும் இருந்துவிடும்? ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பாத்தியில் பரப்பும் உரம், அந்த வாளியைவிடப் பல மடங்கு சத்தும், அதே பூஞ்சையை உயிரோடும் கொண்டுபோய்ச் சேர்க்கும். டீயால் பலன் உண்டா என்று பார்க்க, நான்கு பாத்தியில் இரண்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றுங்கள், இரண்டுக்கு அதே அளவு வெறும் நீர். ஒரு பருவம் போகட்டும், எது எதென்று எழுதி வையுங்கள்.

கடைசியாக, அந்தப் பாட்டில்கள். அவற்றுக்கு ஆயுள் கிடையாது. மூடிய பாட்டிலில் ஆக்சிஜன் தீர்ந்து, வாயு கட்டி, இந்நேரம் உப்பியிருக்கும். வெளியே எடுத்துப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருப்பி, சீறல் அடங்கும்வரை விடுங்கள். பிறகு காய்ந்த இலைக்குவியலின் நடுவில் ஊற்றி, மேலே சருகு போட்டு மூடிவிடுங்கள். பாத்தியில் வேண்டாம்.